திரிசலாவின் தோசைத் திருப்பி

துருப்பிடித்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் அடிவயிற்றில் தோசைத் திருப்பியால் தட்டுகிறார் திரிசலா. தட்டிவிட்டு நிற்கிறார். மறுபடி தட்டுகிறார். "யாருனா உள்ள இருந்தா வெளிய வந்துடுங்க. அப்புறம் என்னச் சொல்லக் கூடாது." திரிக்குழாய் வழியாக ஒரு கரப்பான்பூச்சி மீசையை நீட்டிப் பார்த்து, இறங்கி, தராசுக்கு அடியில் ஓடி மறைகிறது. "பாத்தியா? பூச்சிக்குச் சொன்னா புரியுது. உனுக்குத்தான் புரிய மாட்டேங்குது" என்கிறார், ஸ்டவ்வைக் கொண்டுவந்த ஷோபனாவிடம். ஷோபனாவின் பையில் ஜாம் பாட்டில்கள் மூடி இல்லாமல் கிடக்கின்றன. அதற்குத்தான் இந்தத் திட்டு.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஊர் முடிந்து மலையும் கோட்டை மதிலும் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது திரிசலாவின் காயலாங்கடை. முன்பக்கம் தராசும் பழைய பேப்பர் கட்டுகளும். பின்பக்கம் இரும்பும் தகரமும். அதற்கும் பின்னால் இடுப்பளவு கல்கட்டுச் சுவர். சுவருக்கு அப்பால், யாரோ அள்ளிக் கொட்டிவிட்டுப் போனது போல் பாறைகள். பாறை இடுக்குகளில் சூரைமுள்ளும் சப்பாத்திக் கள்ளியும். அங்கே கீரி இருக்கிறது, உடும்பு இருக்கிறது, மயில் கூட்டம் இருக்கிறது, கணக்கில்லாத ஓணான்கள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் பாறைக்கும் பழைய வாஷிங் மெஷினுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. நிழலும் ஒரு பொந்தும் இருந்தால் குடிவந்துவிடுகின்றன.

கடையைத் தொடங்கியவர் திரிசலாவின் அப்பா. நயினார் வீடு என்று ஊரார் சொல்லும் தமிழ்ச் சமணக் குடும்பம். "எங்க நைனாகிட்ட எல்லாரும் கேப்பாங்களாம், எறும்ப மிதிக்காத சாதியில பொறந்துட்டு இரும்பு நசுக்குற யாவாரம் இன்னாத்துக்குன்னு. நைனா சொல்லுவாரு, நசுக்குறதுக்கு முன்னாடி சொல்லிட்டு நசுக்குவேன்னு." அப்படிச் சொல்வதற்கு அவர் வைத்திருந்த கருவிதான் இந்தத் தோசைத் திருப்பி. அதுவும் யாரோ எடைக்குப் போட்டதுதான். பிடி வளைந்து, முனை மழுங்கி, இனி எந்தக் கல்லிலும் தோசை திருப்பாது.

பேப்பர் கட்டு வந்தால் திரிசலா அவிழ்த்து உதறுவார். மிக்ஸி வந்தால் ஜாடியைக் கழற்றிப் பார்ப்பார். கண்ணுக்கு உள்ளே தெரியாத எதையும் தட்டித்தான் வாங்குவார். லாரியில் ஏறும்போது இன்னொரு முறை தட்டித்தான் அனுப்புவார். தட்டிய பிறகு அவர் "காலி" என்று சொன்னால்தான், கடையில் வேலை பார்க்கும் காத்தாயி பொருளைத் தொடுவார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் காத்தாயிக்கு இவர் "யக்கா"தான். சம்பளம் கொடுக்கிறவர் வயதில் கொஞ்சம் கூட இருப்பதுதான் மரியாதை என்பது காத்தாயியின் எண்ணம்.

இந்தக் கடைக்குச் சில சட்டங்கள் உண்டு. பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும். கண்ணாடி பாட்டிலுக்கு மூடி இருக்க வேண்டும். இல்லையென்றால் துணி அடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இறங்கும் பல்லிக்குஞ்சும் வண்டும் வழுக்கும் சுவரில் ஏறி வர முடியாமல் அங்கேயே காய்ந்துபோகின்றன. பிளாஸ்டிக் ஜாடி என்றால் கழுத்தை அறுத்துவிட வேண்டும். இது, தலையில் ஜாடி மாட்டிக்கொண்டு ஒரு நாய் திசை தெரியாமல் ஓடியதையும், திரிசலாவும் காத்தாயியும் செட்டிக்குளம் வரை அதைத் துரத்தியதையும் தொடர்ந்து வந்த சட்டம். "புடிச்சி இழுத்தா ஜாடி என் கையில வந்துடிச்சி. நாயி, நன்றியுள்ளதுன்னு சொல்றாங்களே, என்னத்தான் கடிக்க வந்துது" என்று காத்தாயி இன்றும் ஆற்றாமையோடு சொல்கிறார்.

சட்டம் ஊரிலும் பரவியிருக்கிறது. கடையை ஒட்டிய தெருக்களில் துணிக்கொடியில் சட்டைக்கும் பாவாடைக்கும் நடுவே பால் கவர்கள் கிளிப் மாட்டித் தொங்குகின்றன. "எங்க வீட்டுக்காரரு சட்டைய விட கவரத்தான் நல்லா அலசுறேன். இல்லன்னா இந்தக்கா வாங்கிக்க மாட்டேங்குது" என்று ஷோபனா குறைப்பட்டுக்கொள்வார். குறைப்படுகிறவர் வேறு கடைக்குப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் வைத்து, திரிசலா விலங்குகளை மடியில் போட்டுக் கொஞ்சுகிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோட்டைக் குரங்குகளைக் கண்டால் அவருக்கு அறவே ஆகாது. சுற்றுலா வருகிறவர்களிடம் குளிர்பானத்தைப் பிடுங்கிக் குடித்துவிட்டு, காலி பாட்டிலைக் கடையின் தகரக் கூரையில் உருட்டி விளையாடும் குரங்குகள். அவர் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார். "கொல்லக் கூடாதுன்னா கொஞ்சணும்னு இல்ல. நீ உன் வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்குறேன், அவ்ளோதான்." பிறகு அந்தப் பாட்டிலைப் பொறுக்கி மூடி போட்டு வைப்பார்.

மாலைச் சாப்பாட்டிலும் அவருக்கு ஒரு தனிக் கணக்கு. பொழுது சாய்ந்த பிறகு உண்பதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் கடைக்கு மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. சூரியன் உண்மையாக மறைவதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். அனந்தபுரம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் அவருடைய கணவர் தேவராஜ், "எங்க நெலத்துல இன்னும் வெயில் அடிக்குதும்மே, சாப்டு" என்று போனில் சொல்வார். "உன் நெலத்துல அடிக்கிற வெயிலுக்கு நீ சாப்டு. என் கடைக்கு மலைதான் கணக்கு." மலையின் நிழல் தராசைத் தொடுவதற்குள் டப்பாவைத் திறந்துவிடுவார். தொட்டுவிட்டால் மறுநாள் காலைதான்.

தட்டினால் உள்ளே இருக்கும் உயிர்கள் வெளியேறிவிடும் என்பதில் அவருக்கு இருந்த உறுதிக்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஏர்கூலரைத் தட்டியபோது உள்ளிருந்து மூஞ்சூறு ஒன்று வெளியே வந்தது. அதன் வாலருகே ஒரு குட்டி கவ்விக்கொண்டிருந்தது. அந்தக் குட்டியை இன்னொன்று, அதை மற்றொன்று. ரயில் போலக் கடையைக் குறுக்கே கடந்து சுவர்ப்பொந்தில் நுழைந்தன. இதைத் திரிசலா எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். எனக்கே பல முறை. சொல்லி முடித்ததும் ஒரு வரி சேர்ப்பார்: "பெத்தவ போவசொல்ல புள்ளய வுட்டுட்டா போவா?"

சென்ற சித்திரையில் ஒரு பிற்பகல், ஒரு பழைய சைக்கிளை எடைக்குப் போட நான் அங்கே போயிருந்தேன். விழுப்புரத்திலிருந்து பச்சமுத்து லாரியோடு வந்திருந்தார். இங்கிருந்து போகும் தகரம் அங்கே ஒரு பெரிய யார்டில் அமுக்கும் மிஷினுக்குள் போய், கட்டிகட்டியாக வெளியே வரும். அன்றைய லோடில் பெரும்பகுதி சதுர எண்ணெய் டின்கள். ஹோட்டல்களிலிருந்து வந்தவை, பொங்கலிலிருந்து பின்சுவர் ஓரம் அடுக்கிக் கிடந்தவை. திரிசலா ஒவ்வொன்றாகத் தட்டினார். "காலி." காத்தாயி தூக்கி மேலே எறிந்தார். பச்சமுத்து பிடித்து அடுக்கினார். டங், காலி, டமார். டங், காலி, டமார். பேச்சே தேவைப்படாத வேலை. ஆனாலும் காத்தாயி பேசிக்கொண்டேதான் இருந்தார்.

கயிறு இறுக்கிக் கட்டியாயிற்று. பச்சமுத்து ஏறி எஞ்சினை உறுமவிட்டு, போனில் பாட்டும் வைத்துவிட்டார். காத்தாயி சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தவர், அப்படியே நின்றார்.

"யக்கா, இந்தக் குருவி இன்னா, புழுவ வாயில வெச்சிகினு முழுங்காம நிக்குது?"

கல்கட்டுச் சுவரின் மேல் ஒரு கருஞ்சிட்டு. தோளில் வெள்ளைப் பட்டை, நிமிர்த்திய வால், அலகில் பச்சைப் புழு. பாறை நாட்டில் எங்கும் காணக்கூடிய பறவைதான்.

"பசிக்கல போல" என்றார் திரிசலா, கையைத் துடைத்துக்கொண்டே.

பறவை சுவரிலிருந்து இறங்கி, டின்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றது. அங்கே இப்போது புல் வெளுத்த வெறும் தரைதான் இருந்தது. அது அந்தத் தரையில் இங்கும் அங்கும் தத்தியது. மறுபடி சுவருக்கு ஏறியது. அங்கிருந்து லாரியின் தலைக்கு. புழு இன்னும் அலகில்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அது திங்கிறதுக்கு இல்ல" என்றார் திரிசலா மெதுவாக. பிறகு கத்தினார். "பச்சமுத்து! கயித்த அவு!"

"இன்னாக்கா?"

"அவுடான்றேன்."

"அக்கா, விளையாடாத. இப்பதான் இறுக்குனேன், கையப் பாரு. யார்டு மூடிடுவான். அங்க போயி நான் கேட்டாண்ட படுத்துகினு கெடக்கணும்." ஏதோ ஒரு டின்னில் குஞ்சுகள் இருக்கின்றன என்று கேட்டதும் பச்சமுத்து லாரியை அண்ணாந்து பார்த்தார். "எல்லா டின்னும் ஒரே மாரி இருக்குது. இதுல எதுன்னு போயி தேடுவ?"

திரிசலா புடவையைத் தூக்கிச் செருகி, டயரில் கால்வைத்து ஏறி, கயிறுகளுக்கு நடுவே கையை நுழைத்துத் தோசைத் திருப்பியால் தட்டத் தொடங்கினார். ஒரு டின். காதைக் கொடுத்தார். ஒன்றுமில்லை. அடுத்த டின். ஒன்றுமில்லை. வேகமாகத் தட்டினார். மதியம் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன எல்லா டின்களும், ஊமையாக.

"யக்கா, நிறுத்து" என்றார் காத்தாயி. "நீ தட்டத் தட்ட அது தூரமா போவுது, பாரு."

கருஞ்சிட்டு லாரியை விட்டு, சுவரையும் விட்டு, தூரத்துப் பாறைக்குப் போய்விட்டிருந்தது.

திரிசலா இறங்கினார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பாட்டை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். காத்தாயி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அதுதான் உறுதியான ஏற்பாடு. திருவண்ணாமலை பஸ் ஒன்று போனது. அது போன பிறகு, அந்தக் கடையில் அதுவரை நான் கேட்டிராத ஓர் அமைதி. தகரம் வெயிலில் நெட்டி முறிக்கும் ஓசைகூடக் கேட்டது.

பறவை பாறையிலிருந்து சுவருக்கு வந்தது. நெடுநேரம் வாலை ஆட்டிக்கொண்டு பார்த்தது. லாரியின் பக்கவாட்டுக் கட்டைக்கு வந்தது. கயிற்றுக்கு அடியில் குனிந்து, ஓரத்தில் இருந்த இரண்டு டின்களுக்கு இடையே நுழைந்தது. உள்ளேயிருந்து ஊசிபோல மெல்லிய கீச்சொலி பல குரல்களில் கிளம்பி அடங்கியது. வெளியே வந்தபோது அலகு காலியாக இருந்தது.

பச்சமுத்து போய் அந்த மூலைக் கயிற்றை அவிழ்த்தார்.

மூலையில் துரு தின்று கைமுட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த டின். உள்ளே புல்வேரும் தலைமுடியும், சாக்கிலிருந்து உருவிய நீல நூலும், ஒரு துண்டுப் பாம்புச் சட்டையும் வைத்துப் பின்னிய கூடு. அதில் மூன்று குஞ்சுகள். கண் திறந்து, இறகு குச்சிகுச்சியாக முளைத்த பருவம். டின்னைக் கீழே வைத்ததும் மூன்றும் மஞ்சள் வாயைப் பிளந்து கத்தின. திரிசலா குனிந்து பார்த்தார். பழக்கம்தான், கை தானாகப் போய் தோசைத் திருப்பியால் டின்னை லேசாகத் தட்டியது.

வாய்கள் மூடிக்கொண்டன. மூன்று உடல்களும் கூட்டோடு கூடாக ஒட்டிப் படுத்தன. உள்ளே ஏதும் இருப்பதாகவே தெரியவில்லை.

"அக்கா, நீ தட்டுனா ஊட்டப் பூட்டிக்குதுங்க" என்று பச்சமுத்து சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் நிறுத்திக்கொண்டார்.

திரிசலா கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்த மூஞ்சூறு கூட்டிகினு போச்சேடி" என்றார், யாரிடமோ வழக்காடுவது போல.

"மூஞ்சூறுக்கு வாலு இருக்குது. அதப் புடிச்சிகினு போச்சுங்க. குருவிக் குஞ்சு எத்தப் புடிச்சிகினு போவும்?" என்றார் காத்தாயி.

"தட்டுனா போயிடும்னு இருந்தேன்."

"போவ முடிஞ்சது போயிருக்கும் யக்கா."

"முடியாதது?"

காத்தாயி வாயைத் திறந்தார்; முந்தானையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார்.

டின்னைப் பழைய இடத்திலேயே, ஓட்டை பாறைப் பக்கம் பார்க்க, பக்கத்தில் கல் முட்டுக்கொடுத்து வைத்தார்கள். பச்சமுத்து கயிற்றை மறுபடி இறுக்கப் போனார். திரிசலா கயிற்றின் மேல் கையை வைத்தார்.

"எல்லாத்தையும் எறக்கு."

"அக்கா! குருவி ஒண்ணுதான். அதுவும் கெடச்சிடுச்சி. மத்ததெல்லாம் காலின்னு நீதான சொன்ன?"

"தட்டித்தான சொன்னேன்."

அன்றைக்கு யார்டு இல்லை என்பது பச்சமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. முனகிக்கொண்டே இறக்கினார். ஒவ்வொரு டின்னையும் காத்தாயி சாய்த்துப் பிடிக்க, திரிசலா போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். ஒன்றில் அரணை இருந்தது. ஒன்றில் காய்ந்த தவளை. அதை அவர் வெளியே எடுத்து, வெகுநாள் முன்பே செத்ததுதானா என்று புரட்டிப் பார்த்து, பாறைப் பக்கம் வைத்தார். மற்றவை காலி. மெய்யாகவே காலி.

இந்த வேலைக்கு நடுவே மலையின் நிழல் தராசைத் தொட்டுத் தாண்டிப் போயிருந்தது. காத்தாயிதான் கவனித்தார். "யக்கா, டப்பா. காலையில இருந்து நீ ஒண்ணும் சாப்டல. இன்னும் வெளிச்சம் இருக்குது, மலைக்கு அந்தாண்ட சூரியன் கீது. அண்ணன்தான் சொல்லுதே, சாப்டு."

"நெழலு வந்துடுச்சி." டப்பாவை எடுத்துப் பச்சமுத்துவின் கையில் கொடுத்தார். "எலுமிச்ச சாதம், மல்லாட்டத் தொவையல். வண்டியிலயே படுத்துக்க. காலையில போ."

"வயித்துக்காவது போட்டியே" என்றார் பச்சமுத்து டப்பாவைத் திறந்துகொண்டே. துவையல் நன்றாக இருந்தது என்பது அவர் பேசாமல் சாப்பிட்டதில் தெரிந்தது.

திரிசலா பின்பக்கம் போய், சுவரைப் பார்த்தபடி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். ஆண் பறவை சுவரில் வாலை நிமிர்த்தி நின்றது. அதன் ஜோடி, மண்நிறப் பெட்டை, கள்ளிக்கு அருகிலிருந்து தத்தித் தத்தி வந்து, டின்னுக்கு முன்னால் தயங்கி, திரும்பிப் போய், மீண்டும் வந்தது. பாறைகளின் மேல் கடைசி வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிட்டது. அது வெளியே வரவில்லை என்று உறுதியான பிறகுதான் அவர் எழுந்தார்.

அந்த டின் இன்னும் அங்கேயே இருக்கிறது. குஞ்சுகள் பறந்து போய்விட்டன, காலி டின்தான், போடலாமே என்று கேட்ட பச்சமுத்துவுக்கு, "இருக்கட்டும், உன் கண்ண உறுத்துதா?" என்று பதில் கிடைத்தது. மூஞ்சூறு கதையைத் திரிசலா இப்போதெல்லாம் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் காத்தாயி சொன்னால் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்கிறார். கடைசி வரியை மட்டும் சேர்ப்பதில்லை.

போன வாரம் ஷோபனா ஒரு வெந்நீர் கெய்சரைக் கொண்டுவந்து இறக்கினார். நாலு பக்கமும் மூடி, குழாய் போகும் துவாரம் மட்டும் திறந்திருக்கும் உருளை. டார்ச் அடித்தாலும் வளைவுக்கு அப்பால் தெரியாது. திரிசலா தோசைத் திருப்பியை எடுத்துத் தட்டினார். எறும்புகள் சில வெளியே வந்தன. வழக்கமாக அத்தோடு தராசில் ஏற்றிவிடுவார். அன்று தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார். சாலையில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு குனிந்து, கெய்சரின் துவாரத்தில் காதை வைத்தார்.

"இன்னாக்கா, யாரு லைன்ல?" என்றார் ஷோபனா.

திரிசலா கண்களை மூடிக்கொண்டு, காதை எடுக்காமல், பொறு என்பது போல ஒரு கையை மட்டும் உயர்த்தி விரித்தார்.